எம்.எஸ்.டபிள்யூ. ஆய்வேடு: தலைப்பிலிருந்து வைவா வரை ஒரு முழுமையான வழிகாட்டி

முதுகலை சமூகப்பணி படிப்பவர்களுக்கு ஆய்வேடு நெருங்கியதும் வரும் முதல் பதற்றம், "கைடிடம் என்ன தலைப்பு சொல்வது?" என்பதுதான். இரண்டு பருவம் களப்பணி செய்திருப்போம். வீடு வீடாகப் போய்ப் பேசியிருப்போம். ஆனாலும் ஆய்வு என்றதும் அது வேறு யாரோ செய்யவேண்டிய வேலை போலத் தோன்றும். அப்படி இல்லை. மனிதர்களிடம் உட்கார்ந்து கேட்கத் தெரிந்தவர்களுக்கு ஆய்வில் பாதி ஏற்கெனவே கைவந்திருக்கிறது. மீதிப் பாதி, ஒழுங்கு. அந்த ஒழுங்கை வரிசையாகச் சேர்ந்தே பார்ப்போம்.

நெறிமுறையை மூன்றாம் அத்தியாயத்தில் அரைப் பக்கம் எழுதிச் சேர்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தலைப்பு, மாதிரி, கேள்வி, ஜெராக்ஸ் கடை என எல்லாப் படியிலும் அது இருக்கிறது. அதனால் முறையையும் நெறிமுறையையும் பிரிக்காமல் போவோம்.

கையில் ஒரு எடுத்துக்காட்டு இருந்தால் புரிவது எளிது. சென்னையில் அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்களில் பலவற்றை, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். அங்கிருந்து பழைய இடத்து வீடுகளுக்கே வேலைக்குப் போய்வரும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் ஆய்வு செய்யப்போகிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

எதற்காக இவ்வளவு கவனம்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்ற ஊர். 1932-ல் அரசுப் பொதுச் சுகாதாரத் துறை அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்கள். அவர்களில் 399 பேருக்கு மேகநோய். "கெட்ட ரத்தத்துக்கு வைத்தியம்" என்று அவர்களிடம் சொன்னார்கள். உண்மையில், வைத்தியம் செய்யாமல் விட்டால் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். 1940-களின் பிற்பகுதியில் பெனிசிலின் பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. 1972-ல் செய்தி வெளியே வந்த பிறகுதான் ஆய்வு நின்றது.

சமூகப்பணி மாணவர்கள் இதில் கவனிக்க வேண்டிய ஒருவர் யூனிஸ் ரிவர்ஸ். அதே சமூகத்தைச் சேர்ந்த செவிலியர். வீட்டுக்கு வந்து விசாரிப்பார், காரில் ஏற்றிக்கொண்டு போவார், குடும்பத்தோடு பழகுவார். அடக்கச் செலவுக்குப் பணம் கிடைக்கும் என்று சொல்லி, பிரேதப் பரிசோதனைக்குக் குடும்பங்களின் சம்மதத்தை வாங்கியவரும் அவர்தான். அந்த மனிதர்கள் அத்தனை ஆண்டுகள் ஆய்வில் தொடர்ந்ததற்கு அவர்மேல் வைத்த நம்பிக்கை பெரிய காரணம். நாம் களத்தில் சம்பாதிப்பதும் அதே நம்பிக்கைதான். அதை வைத்து ஒருவரை எந்த இடத்துக்குக் கூட்டிப்போகிறோம் என்பது நம் பொறுப்பு.

டஸ்கிகீ அம்பலமானதன் விளைவாக 1979-ல் பெல்மான்ட் அறிக்கை வந்தது. மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்ற மூன்று கொள்கைகளை அது வகுத்தது. இந்தியாவில் நாம் பின்பற்ற வேண்டியது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல். உடல்நலம் தொடர்பான சமூக அறிவியல் ஆய்வுகளும் அதற்குள் வருகின்றன.

தலைப்பை எப்படிச் சுருக்குவது?

"மறுகுடியமர்த்தப்பட்ட மக்களின் பிரச்சினைகள்" என்று முதலில் எழுதுவோம். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். அதை நான்கு கேள்விகளால் சீவுவோம். யார்? எங்கே? எதைப் பற்றி? எந்தக் காலம்?

யார் என்றால், வீட்டு வேலை செய்யும் பெண்கள். எங்கே என்றால், பெரும்பாக்கம். எதைப் பற்றி என்றால், வேலைக்குப் போய்வரும் நேரமும் செலவும். காலம், குடிவந்த பிறகு. இப்போது தலைப்பு இப்படி ஆகிறது: "பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்ட வீட்டுப் பணிப்பெண்களின் பயண நேரமும் வருமானமும்". இதை ஆறு மாதத்துக்குள் ஒரே ஆளால் செய்து முடிக்க முடியும்.

தலைப்பு கிடைத்ததும் குறிக்கோள்கள் மூன்றோ நான்கோ எழுதுவோம். ஒவ்வொன்றும் அளக்கக்கூடியதாகவோ விவரிக்கக்கூடியதாகவோ இருக்கவேண்டும். "பெண்களின் நிலையை மேம்படுத்துதல்" என்பது நல்ல எண்ணம். ஆனால் ஆய்வின் குறிக்கோள் ஆகாது. "குடிவருவதற்கு முன்னும் பின்னும் மாதப் பயணச் செலவை ஒப்பிடுதல்" என்பது ஆகும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. இந்த இடத்துக்கு ஏற்கெனவே எத்தனை பேர் கேள்வித்தாளோடு வந்து போயிருக்கிறார்கள்? கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற குடியிருப்புகளுக்குக் கல்லூரிகள், தொண்டு நிறுவனங்கள், பத்திரிகைக்காரர்கள் என யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். "இதையேதான் போன வருஷமும் கேட்டாங்க, என்ன ஆச்சு?" என்று நம்மைக் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஏற்கெனவே வெளிவந்த அறிக்கையில் பதில் இருந்தால், அதே கேள்வியோடு அவர்கள் வாசலில் நிற்காமல் இருப்பது நம் முதல் மரியாதை.

முன்னாய்வுகள்: எங்கே தேடுவது?

செலவில்லாத இடங்களிலிருந்து தொடங்குவோம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1940-லிருந்து நடத்தும் சமூகப்பணி இதழின் பழைய தொகுதிகள் நம் துறையின் பெரிய சேமிப்பு. புள்ளிவிவரத்துக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும், 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பும் உண்டு.

படிக்கும்போதே ஒரு நோட்டில் நான்கு விஷயம் குறித்துக்கொள்வோம்: யார் எழுதியது, எத்தனை பேரிடம் கேட்டது, என்ன கண்டது, எதை விட்டது. நான்காவதுதான் நம் ஆய்வுக்கான இடத்தைக் காட்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டு நூல்பட்டியல் வாங்கும் பழக்கம் வந்திருக்கிறது. இல்லாத கட்டுரைகளை இருப்பதுபோலவே அவை எழுதிக் கொடுக்கும். கண்ணால் பார்க்காத எதையும் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

எந்த முறை: எண்ணா, விவரிப்பா?

எத்தனை பேர், எவ்வளவு, எத்தனை முறை என்று கேட்டால் அளவுசார் முறை. எப்படி, ஏன், என்ன அனுபவம் என்று கேட்டால் பண்புசார் முறை. இரண்டையும் கலக்கலாம். ஆனால் முதல் ஆய்விலேயே கலந்தால் வேலை இரண்டு மடங்கு, அவகாசம் அதேதான்.

அளவுசார் ஆய்வு கௌரவமானது, விவரிப்பு ஆய்வு சுலபமானது என்று ஓர் எண்ணம் மாணவர்களிடையே இருக்கிறது. இரண்டுமே தவறு. ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். பதினைந்து பேட்டி என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நம் கேள்விக்கு எது பொருந்துகிறதோ அதுவே நமக்கான முறை. எடுத்துக்காட்டில் நேரத்தையும் பணத்தையும் கேட்பதால் அளவுசார் முறையை எடுப்போம். கூடவே நான்கைந்து பேரிடம் மட்டும் விரிவாகப் பேசலாம்.

எத்தனை பேர், யார் யார்?

இதில்தான் அதிகம் தடுமாறுகிறோம். சற்று நின்று பார்ப்போம்.

முழுப் பட்டியல் கையில் இருந்தால் சூத்திரம் போடலாம். யமானேயின் சூத்திரப்படி 1,000 பேர் கொண்ட தொகுதிக்கு, 5 சதவீதப் பிழை வரம்பில், 286 பேர் தேவை. ஒரே மாணவர் ஒரு பருவத்தில் 286 பேரைச் சந்தித்து ஒழுங்காகப் பேசுவது நடக்காத காரியம். அப்படி முயன்றால் படிவத்தை அவசரமாக நிரப்புவோம், அல்லது அதைவிட மோசமான வேலையைச் செய்வோம். 60 பேரிடம் நிதானமாகக் கேட்டுவிட்டு, "இது இந்த 60 பேரின் நிலை" என்று எழுதுவது நேர்மையானது. பண்புசார் ஆய்வுக்கு 12 முதல் 20 பேர் பெரும்பாலும் போதும். புதிதாக எதுவும் வராத இடத்தில் நிறுத்தலாம்.

பெரும்பாக்கத்தில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் முழுப் பட்டியல் யாரிடமும் இல்லை. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-ல் அமைந்தது. ஆனாலும் பதிவு செய்யாதவர்கள் ஏராளம். எனவே வாரியப் பட்டியலை எடுத்தால் பதிவு செய்துகொள்ளும் வசதி உள்ளவர்கள் மட்டுமே வருவார்கள். மிகவும் ஒதுங்கியிருப்பவர்கள் விட்டுப்போவார்கள். ஆகவே சில பிளாக்குகளைத் தேர்ந்து, தெரிந்தவர் வழியாகத் தெரிந்தவர் என்று போவோம். பனிப்பந்து முறை என்பது இதைத்தான்.

இதில் ஒரு சின்ன ஒழுங்கு உண்டு. "உங்களுக்குத் தெரிந்தவங்க பேரும் நம்பரும் கொடுங்க" என்று கேட்க வேண்டாம். நம் எண்ணைக் கொடுத்து, "விருப்பம் இருந்தா அவங்களையே கூப்பிடச் சொல்லுங்கக்கா" என்று சொல்வோம். வேலை கொஞ்சம் தாமதமாகும். ஆனால் தெரியாமலேயே ஒருவரின் பெயர் நம் நோட்டுக்குள் வராது.

முக்கியமான எச்சரிக்கை: கிடைத்தவர்களிடம் கேட்டுவிட்டு, ஆய்வேட்டில் "எளிய சமவாய்ப்பு மாதிரி" என்று எழுதுவது நம் துறையில் பரவிக் கிடக்கும் பொய். வைவாவில் "குலுக்கல் எப்படிப் போட்டீர்கள்?" என்று ஒரே கேள்வியில் அது உடைந்துவிடும். நோக்கமுறை மாதிரி, வசதி மாதிரி என்று உள்ளபடி எழுதினால் எந்தத் தேர்வாளரும் மதிப்பெண் குறைக்கக் காரணமில்லை.

கேள்விகளை எப்படி எழுதுவது?

நம் பெண்களில் பலருக்குப் படித்து நிரப்பும் வழக்கம் இருக்காது. அதனால் நாமே கேட்டு நாமே எழுதும் நேர்காணல் படிவம் வேண்டும். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் அது எந்தக் குறிக்கோளுக்கு என்று எழுதுவோம். வலப்பக்கம் காலியாக இருக்கும் கேள்வியை அடித்துவிடுவோம். சாதி, மதம், மாதவிடாய், கடன் போன்ற கேள்விகள் பழைய படிவங்களிலிருந்து அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். தேவையில்லாமல் அந்தரங்கம் கேட்பது தவறு.

கேள்வி பேச்சுத் தமிழில் இருக்கட்டும். "தங்களின் மாத வருமானம் யாது?" என்று கேட்டால் தயக்கமோ தோராயமோதான் வரும். "எத்தனை வீட்ல வேலை செய்றீங்கக்கா? முதல் வீட்ல எவ்வளவு தர்றாங்க? ரெண்டாவது வீட்ல?" என்று கேட்டால் அவரே கூட்டிச் சொல்வார். "முதலாளி உங்களை நன்றாக நடத்துகிறாரா?" என்பதற்கு எல்லோரும் ஆமாம் என்பார்கள். "போன மாசம் எத்தனை நாள் லீவு போட்டீங்க? அதுக்குச் சம்பளம் பிடிச்சாங்களா?" என்றால் விவரம் வரும். "சம்பளமும் மரியாதையும் திருப்தியா?" என்பது ஒன்றில் இரண்டு கேள்வி, பிரித்துவிடுங்கள்.

"முழுவதும் ஒத்துக்கொள்கிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரையிலான ஐந்து படிநிலைகளை லைக்கர்ட் 1932-ல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து வகுத்தார். வாயால் ஐந்தையும் சொன்னால் கேட்பவர் கடைசியில் கேட்டதைச் சொல்லிவிடுவார். சிறிதிலிருந்து பெரிதாக ஐந்து கட்டம் வரைந்த அட்டை ஒன்றைக் காட்டி, விரல் வைக்கச் சொல்வது நன்றாக வேலை செய்கிறது.

ஆங்கில அளவுகோலைத் தமிழாக்கினால், தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்கு, மூலத்தைப் பார்க்காத வேறொருவரைக்கொண்டு மாற்றி ஒப்பிடவேண்டும். பயன்படுத்த அனுமதி தேவைப்படும் அளவுகோல்களுக்கு எழுதிக் கேட்டு வாங்க வேண்டும்.

மனநலம் அளக்கும் படிவங்களில் தனிக் கவனம் வேண்டும். மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் பி.எச்.க்யூ-9 படிவத்தின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வருகிறதா என்று கேட்கிறது. "ஆமாம்" என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வோம் என்று முன்பே முடிவு செய்யாமல் அந்தப் படிவத்தை வெளியே எடுக்கக் கூடாது. பேட்டியை நிறுத்த வேண்டும், தனியே விட்டுவிடக் கூடாது, அன்றே கைடிடம் சொல்ல வேண்டும், மருத்துவ உதவிக்கு இணைக்க வேண்டும். டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எழுதி நம் பையில் வைத்திருக்கவேண்டும். இந்த ஏற்பாடு இல்லையென்றால் படிவத்தை மாற்றுவோம்.

எழுதிய படிவத்தை முதலில் ஐந்தாறு பேரிடம் சோதிப்போம். எங்கே முகம் சுளிக்கிறார்கள், எங்கே "என்ன கேக்குற?" என்கிறார்கள் என்று குறிப்போம். அவர்களை இறுதி மாதிரியில் சேர்ப்பதில்லை.

அனுமதி: யாரிடம், எந்த வரிசையில்?

முதலில் கைடு. பிறகு துறையின் ஆய்வுக்குழு. அதன்பின் நெறிமுறைக் குழு. மருத்துவமனையில் ஆய்வு என்றால் அந்த மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் ஒரு நோயாளியிடமும் பேச முடியாது. விண்ணப்பங்களை அவர்கள் மூன்றாகப் பிரிப்பார்கள்: பரிசீலனை தேவைப்படாதவை, விரைவுப் பரிசீலனை, முழுக்குழுப் பரிசீலனை. குழு கூடும் தேதியை முதலிலேயே விசாரியுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். கல்லூரியில் குழு இல்லையென்றால், துறைத்தலைவரிடம் பேசி வெளியாள் ஒருவராவது இருக்கும் சிறு குழுவைக் கூட்டச் சொல்வோம்.

அடுத்து கல்லூரி முத்திரையுடன் கடிதம், நிறுவன அனுமதி, குடியிருப்போர் சங்கத்திடம் ஒரு வார்த்தை. இவையெல்லாம் வாசலைத் திறக்கும் அனுமதிகள் மட்டுமே. சங்கத் தலைவர் சரி என்றதால் நான்காம் மாடிப் பெண்ணும் சரி என்றதாக ஆகாது.

களப்பணி செய்த நிறுவனத்திலேயே ஆய்வையும் முடித்துவிடலாம் என்று தோன்றும். போதை மீட்பு மையத்தில் நேற்றுவரை ஆலோசனை சொன்ன நாம் இன்று படிவத்தோடு போனால், அங்கிருப்பவரால் மறுக்க முடியுமா? என்னைக் கேட்டால், வேறு இடத்தைத் தேடுவதே நல்லது. முடியாதபோது அழைப்பையும் ஒப்புதலையும் நமக்குப் பதில் இன்னொருவர் செய்யட்டும்.

ஒப்புதல் வாங்குவது எப்படி?

அச்சடித்த தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் இல்லை. வீடு இடிபடும்முன் ஏதேதோ தாளில் கையெழுத்துப் போட்டவர்களுக்குக் கையெழுத்து என்றாலே பயம் இருக்கும். முதலில் பேசுவோம். ஏறத்தாழ இப்படி:

"அக்கா, நான் காலேஜ்ல சோஷியல் ஒர்க் படிக்கிறேன். இங்க குடிவந்த பிறகு வேலைக்குப் போய்வர்றதுல என்ன மாறிச்சுன்னு கேட்டு எழுதுறேன். முக்கால் மணி நேரம் ஆகும். உங்க பேரு, பிளாக் நம்பர் எதையும் அதுல எழுத மாட்டேன். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேணாம். நடுவுல போதும்னா நிறுத்திடலாம். நான் கவர்மென்ட் ஆளு இல்ல. இதனால வீடோ லோனோ கிடைக்காது. நீங்க வேணாம்னு சொன்னாலும் உங்களுக்கு எதுவும் போகாது."

கடைசி மூன்று வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். நோட்டோடு வருபவர் ஏதோ திட்டத்துக்குக் கணக்கெடுக்கிறார் என்று நம்பித்தான் பலர் பதில் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கையைத் திருத்தாமல் பதிலை வாங்குவது ஏமாற்று. பிறகு, "நான் சொன்னதுல என்ன புரிஞ்சுதுன்னு ஒரு தடவை சொல்லுங்கக்கா" என்று கேட்போம். அவர் சொல்வதில் "வீடு கிடைக்கும்" என்பதுபோல ஏதாவது வந்தால் மறுபடி முதலிலிருந்து.

படிக்கத் தெரியாதவர் என்றால், நம்மோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் படித்துக் காட்டிக் கைநாட்டு. ஒரு பிரதி அவருக்கு. கையெழுத்தே அவருக்கு ஆபத்து என்றால் வாய்மொழி ஒப்புதலுக்கு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டி அனுமதி கேட்கலாம். ஒலிப்பதிவுக்குத் தனி ஒப்புதல், புகைப்படத்துக்குத் தனி ஒப்புதல்.

18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் முதலில். 7 முதல் 12 வயதுக் குழந்தையிடம் வாய்மொழி இசைவு, 12 முதல் 18 வரை எழுத்தில் இசைவு. அம்மா சரி சொல்லிக் குழந்தை வேண்டாம் என்றால், வேண்டாம்தான்.

கவனம்: சட்டம் குறுக்கிடும் இடங்கள்

ரகசியம் காப்போம் என்ற வாக்குக்கு எல்லை இருக்கிறது. குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால், 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி புகார் செய்வது கட்டாயம். ஆய்வாளருக்கு விலக்கு கிடையாது. எனவே "ஒரு குழந்தைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் நான் வெளியே சொல்லியாகணும்" என்பதைப் பேட்டி தொடங்கும்முன்பே சொல்லிவிடுவோம். குழந்தைகள் உதவி எண் 1098. பெண்கள் உதவி எண் 181.

காப்பகக் குழந்தையின் அடையாளத்தை வெளிப்படுத்துவது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ம் பிரிவின்கீழ் குற்றம். ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களின் தகவலுக்கு 2017-ல் தனிச் சட்டம் உண்டு. மனநோய் உள்ளவர்களிடம் ஆய்வு செய்ய 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 99-ம் பிரிவைப் படித்திருக்க வேண்டும். முதல் ஆய்வுக்கு இந்தக் களங்களை எடுக்க நினைத்தால், அனுபவமுள்ள கைடு இருந்தால் மட்டும் எடுங்கள்.

குடும்ப வன்முறை பற்றிக் கேட்பதாக இருந்தால் உலகச் சுகாதார நிறுவனம் 2001-ல் சொன்ன பரிந்துரைகளைத் தவறாமல் பின்பற்றுவோம். தனிமை இல்லாமல் கேட்கக் கூடாது. ஒரு வீட்டில் ஒரே பெண்ணிடம்தான் பேச வேண்டும். வெளியே "பெண்கள் ஆரோக்கியம் பற்றிய ஆய்வு" என்பதுபோலப் பொதுவாகச் சொல்ல வேண்டும். ஏன் என்றால், நாம் போன பிறகு அந்த வீட்டில் இருக்கப்போவது அவர்தான்.

களத்தில் நடந்துகொள்வது

வேலைக்குப் போகும் பெண்கள் விடியலில் கிளம்பி மதியத்துக்குமேல் திரும்புவார்கள். கல்லூரி நேரம் பத்து மணி என்பதற்காகப் பத்து மணிக்குப் போனால் கதவு பூட்டியிருக்கும். பிற்பகல், ஞாயிறு என்று அவர்கள் நேரத்துக்கு நாம் வளைவோம். தண்ணீர் வரும் நேரம் வேண்டவே வேண்டாம். ஒற்றை அறை வீட்டில் மாமியாரும் பக்கத்து வீட்டுக்காரரும் வந்து உட்கார்ந்தால், அந்தரங்கமான கேள்விகளை நிறுத்திப் பேருந்து வசதி பற்றிப் பேசிவிட்டு, வேறு நாள் கேட்டு வாங்கி வருவோம்.

ஒரு நாளைக்கு நான்கு பேட்டிக்குமேல் வைக்காதீர்கள். ஐந்தாவதில் நாம் கேட்கிறோம், ஆனால் காதில் விழுவதில்லை. அன்றிரவே படிவங்களைச் சரிபார்த்து விட்டுப்போனதைக் குறித்துவைக்கவேண்டும். நினைவிலிருந்து இட்டுநிரப்பக் கூடாது. விட்டுப்போனால் விட்டுப்போனதாகவே இருக்கட்டும்.

வீட்டில் உட்கார்ந்து படிவம் நிரப்பும் சபலம் கடைசி வாரத்தில் வரும். அனுபவமுள்ள கைடுக்கு அது தெரிந்துவிடும். உண்மையான களத்தில் வயது கேட்டால் 30, 35, 40 என்று ஐந்தின் மடங்குகளில் குவியும். கற்பனைப் படிவத்தில் 31, 34, 37 என்று அழகாகப் பரவியிருக்கும். 60 கிடைக்காமல் 43 கிடைத்தால் 43 என்று எழுதுவோம், காரணத்தையும் எழுதுவோம்.

எவ்வளவு செலவு?

60 பேர் கொண்ட ஆய்வுக்குக் கணக்குப் போடுவோம். உங்கள் ஊர் விலையை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

படிவம் ஒன்றுக்கு ஆறு பக்கம், 65 பிரதி, 390 பக்கம். ஒப்புதல் படிவம் இரண்டு பக்கம், ஆளுக்கு இரண்டு பிரதி, 240 பக்கம். பக்கத்துக்கு 1.50 ரூபாய் என்றால் மொத்தம் 945 ரூபாய். பன்னிரண்டு முறை களத்துக்குப் போக, முறைக்கு 60 ரூபாய் வீதம் 720. மாணவியர் சாதாரண நகரப் பேருந்தில் போனால் கட்டணமில்லா விடியல் பயணத் திட்டத்தில் இது மிச்சம். பேட்டி தருபவருக்குத் தேநீர், பிஸ்கட் என்று ஆளுக்கு 20 ரூபாய் வைத்தால் 1,200. ஆய்வேடு 100 பக்கம், நான்கு பிரதி, பக்கத்துக்கு 2 ரூபாய், 800. ஹார்டு பைண்டிங் பிரதிக்கு 250 வீதம் 1,000. ஆகமொத்தம் 4,665. எதிர்பாராததற்கு ஒரு பங்கு சேர்த்து 5,400 ரூபாயை ஒதுக்கிவைத்தால் நிம்மதி. எஸ்.பி.எஸ்.எஸ். வாங்க வேண்டாம், ஜமோவி, பி.எஸ்.பி.பி. இரண்டும் இலவசம். கைப்பேசியில் தரவு சேகரிக்கக் கோபோ டூல்பாக்ஸ் இருக்கிறது.

இது நம் செலவு. இன்னொரு கணக்கும் உண்டு. அதை எந்த ஆய்வேட்டிலும் நான் பார்த்ததில்லை. 60 பேரின் முக்கால் மணி நேரம் சேர்த்தால் 45 மணி நேரம். அதை அவர்கள் தருகிறார்கள். கட்டடத் தொழிலாளியையோ தினக்கூலிப் பெண்ணையோ வேலை நேரத்தில் நிறுத்தினால் அது கூலி இழப்பு. ஈடுகொடுப்பதாக இருந்தால் தொகையை முன்மொழிவில் எழுதி அனுமதி வாங்குவோம். வறுமையில் மறுக்க முடியாத அளவுக்குப் பெரிதாக அது இருக்கக் கூடாது. முக்கால் மணி என்று சொன்னால் முக்கால் மணியில் முடிப்பதும் ஈடுதான்.

எத்தனை வாரம்?

தலைப்புக்கும் முன்னாய்வுக்கும் ஐந்து வாரம், படிவமும் சோதனையும் மூன்று, அனுமதிக்கு நான்கு, களம் ஐந்து, பகுப்பாய்வு மூன்று, எழுத்து நான்கு. ஆக 24 வாரம். அனுமதிக்குக் காத்திருக்கும்போதே முன்னுரை அத்தியாயத்தை எழுதத் தொடங்கிவிடலாம்.

தரவைப் பத்திரப்படுத்துவது

பெயர் ஒரு நோட்டில், பதில் இன்னொரு கோப்பில். இரண்டையும் இணைப்பது ஓர் எண் மட்டும். பெயர் நோட்டு வீட்டில் பூட்டிய இடத்தில் இருக்கட்டும்.

தகவல் கசிவது பெரும்பாலும் சாதாரண இடங்களில்தான். டைப் அடிக்க டி.டி.பி. சென்டருக்கு ஒலிப்பதிவைக் கொடுக்கிறோம். பிரிண்ட் எடுக்க பிரவுசிங் சென்டரின் வாட்ஸ்அப்புக்குக் கோப்பை அனுப்புகிறோம். அது அந்தக் கணினியிலேயே கிடக்கிறது. அந்தக் கடைக்காரர் அதே பகுதிக்காரராக இருக்கலாம். பேட்டிகளை இணையச் செயலிகளில் ஏற்றிச் சுருக்கித் தரச் சொல்வதும் இதே ரகம். எழுத்தாக்கத்தை நாமே செய்வோம். கடைக்குப் போகும் கோப்பில் பெயர் இல்லாமல் பார்த்துக்கொள்வோம்.

பகுப்பாய்வில் சுருக்கமாக ஒரே குறிப்பு: 60 பேரில் 20 பேர் என்பதை 33.333 சதவீதம் என்று எழுதாதீர்கள். எண்ணையும் சேர்த்து 33 சதவீதம் என்றால் போதும். கை-ஸ்கொயர் போடும்முன் எதிர்பார்ப்பு எண்ணிக்கை ஐந்துக்குக் குறைவான கட்டங்கள் எத்தனை என்று பாருங்கள். இரண்டு விஷயங்கள் சேர்ந்து நகர்வதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது.

எழுதுவது, சமர்ப்பிப்பது

பெயரை மாற்றினால் மட்டும் ஆள் மறைவதில்லை. "குறிப்பிட்ட பிளாக்கில் தனியாக வாழும், மூன்று பெண்குழந்தைகள் உள்ள, மாற்றுத்திறனாளிப் பெண்" என்று எழுதினால் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். பிளாக்கை எடுத்துவிடுவோம், குழந்தைகளின் எண்ணிக்கையை மாற்றுவோம், மாற்றியிருப்பதாக முறையியல் அத்தியாயத்தில் சொல்வோம். முகம் தெரியும் படங்களை இணைப்பில் சேர்க்க வேண்டாம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, பிற எழுத்துகளோடு ஒப்புமை 10 சதவீதம்வரை இருந்தால் நடவடிக்கை இல்லை. 10-க்குமேல் 40 வரை என்றால் திருத்தி, அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள் மறுபடி தர வேண்டும். 40-க்குமேல் 60 வரை ஓர் ஆண்டுத் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முன்னாய்வு அத்தியாயத்தைப் படித்து மூடிவைத்துவிட்டு நம் சொற்களில் எழுதினால் இந்தக் கவலை வராது.

வைவாவில் பெரும்பாலும் வரும் கேள்விகள்: ஏன் இந்த இடம், ஏன் இத்தனை பேர், யாரெல்லாம் மறுத்தார்கள், உங்கள் ஆய்வின் குறைபாடு என்ன. கடைசிக் கேள்விக்கு நேர அவகாசம் போதவில்லை என்ற பதிலைச் சொல்லாதீர்கள். "பிற்பகலில் வீட்டில் இருந்தவர்களையே சந்தித்தோம், இரவுவரை வேலை செய்பவர்கள் விட்டுப்போனார்கள்" என்று சொல்லுங்கள்.

வைவாவுக்குப் பிறகு

இன்னும் மூன்று வேலை. முதலில், ஒப்புதல் படிவத்தில் சொன்ன கெடுவுக்குள் ஒலிப்பதிவுகளையும் பெயர் நோட்டையும் அழிப்போம். கைப்பேசியில் மட்டுமல்ல, அது தானாகவே சேமித்துவைத்த கூகுள் டிரைவிலும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கண்டறிந்ததை ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், எளிய தமிழில் அச்சடிப்போம். பயணத்துக்கு மாதம் சராசரியாக எவ்வளவு போகிறது, எந்த நேரத்தில் பேருந்து இல்லை, எத்தனை பேர் வேலை இழந்தார்கள் என்று. அதை எடுத்துக்கொண்டு திரும்பப் போய்க் குடியிருப்போர் சங்கத்தில் படித்துக் காட்டுவோம். தவறு இருந்தால் அவர்கள் திருத்துவார்கள். பேட்டி தந்தவர்களின் பெயர் அந்தக் கூட்டத்தில் வரக் கூடாது.

மூன்றாவது, அதே பக்கத்தின் பிரதிகளைப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய அலுவலகத்துக்கும், ஒரு கவரிங் லெட்டரோடு, விரைவுத் தபாலில் அனுப்புவோம். தபால் ரசீதின் நகலைச் சங்கத்திடம் கொடுத்துவிட்டு வந்தால், அடுத்த மனுவை எழுதும்போது அவர்கள் அதைச் சேர்த்துக்கொள்ள முடியும்.